பயத்துக்கு ஒரு மூட்டை

"ஏக்கருக்கு ரெண்டு. மொத்தம் ஆறு மூட்டை யூரியா. மறக்காம எடுத்துட்டு வந்துரு."

அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான். 2024 தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். திண்டுக்கல்லில் வேலை முடிஞ்சு சாயங்காலம் உரக்கடை வாசலில் நிற்கிறேன். எனக்கு முன்னாடி நாலு பேர். ஒவ்வொருத்தராக அந்த விரல்ரேகை மிஷினில் கட்டைவிரலை வைத்து அமுக்கி, அது ஏற்காமல், வேட்டியில் விரலைத் துடைத்து மறுபடி அமுக்கி... மம்பட்டி பிடிக்கிற கைக்கு ரேகை எங்கேயிருந்து வரும்?

என் முறை வந்தது. "எத்தனை மூட்டை தம்பி?" என்றார் கடைக்காரர்.

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. ஆறு என்று சொல்ல வந்தவன், "அப்புறமா வர்றேண்ணே"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள் :)

ஏன் வாங்காமல் வந்தேன், அப்புறம் என்ன ஆச்சு என்பதுதான் கதை. விவசாயம் பக்கமே வராதவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு வழக்காக இருக்கும், பொறுத்துக்குங்க. கணக்கு எல்லாம் எட்டாம் வகுப்பு லெவல்தான்.

எங்கள் தோட்டம் எரியோடு பக்கம். செம்மண். ஒரு கிணறு, அதற்குள்ளேயே ஒரு போர். அந்த வருஷம் புரட்டாசியில் மூணு ஏக்கரில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் ஊன்றியிருந்தோம். எங்கள் பக்கம் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று எங்கே போனாலும் புரட்டாசி பட்டத்துக்கு மக்காச்சோளம்தான். விளைந்தது நாமக்கல், பல்லடம் கோழிப்பண்ணைத் தீவனத்துக்குப் போகும். நாம் சாப்பிடுகிற முட்டைக்குள்ளே எங்கள் ஊர் சோளம் இருக்கிறது என்று நான் ஆபீஸில் பெருமையாகச் சொல்வதுண்டு.

சோளத்துக்கு அப்பா உரம் போடும் கணக்கு பத்து வருஷமாக மாறவில்லை. ஏக்கருக்கு அடியுரமாக டிஏபி ரெண்டு மூட்டை, பொட்டாஷ் ஒண்ணு, யூரியா ஒண்ணு. 25-ஆம் நாள் களையெடுத்து மண் அணைக்கும்போது யூரியா மூணு. 45-ஆம் நாள் இன்னும் ரெண்டு. ஆக யூரியா மட்டும் ஏக்கருக்கு ஆறு மூட்டை.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மூட்டை முன்பு 50 கிலோ, 2018-லிருந்து 45 கிலோ. அப்படியென்றால் ஒரு மூட்டையில் கிட்டத்தட்ட 20.7 கிலோ தழைச்சத்து. ஆறு மூட்டைக்கு 124 கிலோ. டிஏபியில் 18 சதவீதம் இருக்கு, ரெண்டு மூட்டைக்கு (அது 50 கிலோ மூட்டை) 18 கிலோ. மொத்தம் ஏக்கருக்கு 142 கிலோ.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குச் சொல்வது ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, 75 மணிச்சத்து, 75 சாம்பல்சத்து. தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், பாதி 25-ஆம் நாள், மிச்ச கால் பங்கு 45-ஆம் நாள். ஹெக்டேர் என்பது ரெண்டரை ஏக்கர் என்று வைத்தால் ஏக்கருக்கு 100 கிலோ.

இப்போ 45-ஆம் நாள் காலையில் எங்கள் காட்டில் என்ன நிலைமை? டிஏபி 18 கிலோ, யூரியா நாலு மூட்டை 83 கிலோ. கூட்டினால் 101. அதாவது மொத்தப் பயிர்க் காலத்துக்கும் சொன்ன அளவு ஏற்கெனவே உள்ளே போயாச்சு. அப்பா சொன்ன அந்த ஆறு மூட்டை அதற்கும் மேலே!

கடை வாசலில் எனக்கு வாய் அடைத்தது இதனால்தான். இது மட்டும் என்றால்கூட வாங்கியிருப்பேன். இன்னொரு சமாச்சாரம் அந்த வாரம் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

*

தங்கச்சி பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். புரட்டாசியில் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை, டாக்டர் யோசனைப்படி பால் பவுடரும் சேர்த்துக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்த செவிலியர் அக்கா, "பவுடர் எந்தத் தண்ணியில கலக்குறீங்க?" என்று கேட்டார்.

"கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுத்தான் குடுக்குறோம்" என்றாள் அம்மா, ரொம்பப் பெருமையாக.

"தோட்டத்துக் கிணறா? ஒருவாட்டி டெஸ்ட் குடுத்துப் பாத்துருங்கம்மா."

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிசல்ட் வந்தது. உப்பு, கடினத்தன்மை எல்லாம் நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் நைட்ரேட் என்ற வரிக்கு எதிரே 80 என்று போட்டிருந்தது. லிட்டருக்கு 80 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு இந்தியத் தர அளவு 45.

பெரியவர்களுக்கு இதனால் உடனே ஒன்றும் தெரியாது. நாங்கள் எல்லாம் அதைக் குடித்துத்தான் வளர்ந்தோம். ஆனால் ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு விஷயம் வேறு. நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கிற வேலையைக் கெடுத்துவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஹன்டர் காம்லி என்கிற டாக்டர், 1945-ல். எங்கே தெரியுமா? அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில். உலகத்திலேயே மக்காச்சோளத்துக்குப் பேர் போன ஊர்! பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்த குழந்தைகளைத்தான் அவர் பார்த்தார்.

இதில் இன்னொரு கொடுமை, கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடும். அம்மா பத்து நிமிஷம் கொதிக்க வைத்ததும் அன்பினால்தான். சொன்னபோது அம்மா முகம் போன போக்கை இப்போது எழுதவும் மனசு வரவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லா இருக்கு. அன்றைக்கே கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம்.

கிணற்றுக்குள் நைட்ரேட் எப்படி வந்தது? யூரியா மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மாட்டுக் கொட்டம் கிணற்றிலிருந்து நாற்பதடி. கக்கூஸ் குழி இன்னொரு பக்கம். எல்லாமே சேர்ந்துதான். ஆனால் யூரியா மண்ணில் விழுந்த சில நாளில் அமோனியம் ஆகி, அப்புறம் நைட்ரேட் ஆகிறது. அமோனியத்தை மண் கொஞ்சம் பிடித்து வைக்கும். நைட்ரேட்டை மண் பிடிக்காது. பயிர் வேர் எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் அடுத்த மழைக்குக் கீழே இறங்கிவிடும். எங்கள் செம்மண் மாதிரி தண்ணீர் சட்டென்று உறிஞ்சுகிற மண்ணில் இறங்குவது இன்னும் சுலபம். 1999-ல் ரான், ஜான்சன் என்ற ரெண்டு பேர் உலகம் முழுக்கத் தானியப் பயிர்களுக்குப் போடுகிற தழைச்சத்தில் மணியாகத் திரும்பி வருவது 33 சதவீதம்தான் என்று கணக்குப் போட்டார்கள். மிச்சம் மண்ணில், காற்றில், தண்ணீரில்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறது என்றால், அந்தத் தண்ணீரைத்தானே சோளத்துக்கும் பாய்ச்சுகிறோம்?

நைட்ரேட்டை ஏறத்தாழ 4.4 ஆல் வகுத்தால் அதிலுள்ள தழைச்சத்து. 80-க்கு 18 மில்லிகிராம். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர் என்பது ரெண்டு அங்குலம் என்று வைத்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். 2 லட்சம் லிட்டரில் 3.6 கிலோ தழைச்சத்து. யூரியாவாகச் சொன்னால் 8 கிலோ. மழை போக அஞ்சு தண்ணீர் பாய்ச்சினால் 40 கிலோ யூரியா, கிட்டத்தட்ட ஒரு மூட்டை! மோட்டார் சுவிட்சைப் போடும்போதெல்லாம் நாங்கள் யூரியா போட்டுக்கொண்டிருந்தோம். இது நான் கண்டுபிடித்த கணக்கு இல்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் மக்காச்சோளத்துக்கு உரம் சொல்லும்போது பாசனத் தண்ணீரில் உள்ள நைட்ரேட்டைக் கழித்துக்கொண்டுதான் சொல்கிறது.

*

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் அப்பாவிடம் பேச்சை ஆரம்பித்தேன்.

"மூட்டை எங்கடா?"

"வாங்கலப்பா. தேவையில்லன்னு தோணுது."

"தேவையில்லையா? யாரு சொன்னா?"

நான் கணக்கை எல்லாம் ஒப்பித்தேன். 101 கிலோ, கிணற்றுத் தண்ணீர், ஆவணியில் நாலு ராத்திரி போட்ட ஆட்டுக்கிடை. கிடையில் புழுக்கை மட்டும் இல்லை, மூத்திரமும் நேராக மண்ணில் இறங்குது, அதில் எவ்வளவு சத்து! உரக் கணக்கில் அதை யாரும் எழுதுவதே இல்லை.

அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மண்வள அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். தழைச்சத்துக்கு நேரே 'குறைவு'. ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். எங்களுடையது 200-ஐத் தாண்டவில்லை.

"கவர்மெண்டு அட்டை குறைவுங்குது. நீ வேணாங்குற. நான் யாரு பேச்சைக் கேக்க?"

நியாயமான கேள்வி. அட்டையில் சொல்வது 1956-ல் சுப்பையா, ஆசிஜா என்ற ரெண்டு பேர் எழுதிய பெர்மாங்கனேட் முறைப்படி அளந்தது. மக்கு குறைவான நம் பக்கத்துச் செம்மண்ணில் அது பெரும்பாலும் குறைவு என்றுதான் வரும். அதோடு அந்த மண் சித்திரையில் எடுத்தது. கிடை போட்டது ஆவணியில். அந்த அட்டைக்கு ஆடு வந்தது தெரியாது, கிணறும் தெரியாது.

இதைச் சொன்னேன். அப்பா அசரவில்லை.

"ஒரு மூட்டை என்ன விலை?"

"266 ரூவா 50 காசு."

"சோளம் கிலோ?"

"ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 இந்த வருஷம். கிலோ 22 ரூவா சொச்சம்."

"அப்ப ஏக்கருக்குப் பன்னெண்டு கிலோ கூடுதலாக் காச்சாப் போதும், மூட்டைக் காசு வந்துருச்சு. மூவாயிரம் கிலோ விளையிற காட்டுல பன்னெண்டு கிலோ பெருசா? போடாம விட்டு இருநூறு கிலோ கொறஞ்சா யாருடா குடுப்பா? நீயா?"

நான் ஙே என்று விழித்தேன். அயோவா பல்கலைக்கழகக்காரர்கள் 2000-களின் நடுவிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தழைச்சத்து விலையையும் சோளத்து விலையையும் வைத்து, கடைசியாகப் போடுகிற கிலோ எந்த இடத்தில் தன் காசைத் திருப்பித் தருகிறதோ அதோடு நிறுத்து என்பதுதான் அதன் சாரம். எங்கப்பா அதையே விரல் விட்டுப் போட்டுவிட்டார். மானியத்தில் யூரியா இவ்வளவு மலிவாக இருக்கும்போது, இன்னொரு மூட்டை போடு என்றுதான் அந்தக் கணக்கும் சொல்லும்.

அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார். "2021-ல ஐப்பசி மழை ஞாபகம் இருக்கா? பத்து நாளு வெயிலே பாக்கல. பயிரெல்லாம் வெளுத்து எலுமிச்சம்பழம் மாதிரி நின்னுச்சு. மேகாட்டு மாமா ரெண்டு மூட்டை சேத்துப் போட்டு எந்திரிக்க வெச்சாரு. நான் கையில காசில்லாம விட்டேன். அந்த வருஷம் வெச்ச நகைய இன்னும் முழுசா மீட்கல."

அது எனக்குத் தெரியாது. நகை அடமானத்தில் இருப்பது தெரியும், எந்த வருஷம் எதற்காக என்று நான் கேட்டதே இல்லை.

அப்போது புரிந்தது, அந்தக் கடைசி ரெண்டு மூட்டை சோளத்துக்கு இல்லை. அப்பாவோட பயத்துக்கு. பயத்துக்கு மருந்து கணக்கு நோட்டில் கிடைக்காது. அதே சமயம் தங்கச்சி பையன் குடிக்க முடியாத தண்ணீரும் அதே பயத்தில் இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

*

மறுநாள் காலை காட்டுக்குப் போனோம். மேகாட்டு மாமாவும் வந்து சேர்ந்தார். (சொந்தம் இல்லை, பக்கத்துக் காட்டுக்காரர். மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம்.)

சோளம் இடுப்புக்கு மேலே. நல்ல கரும்பச்சை. அடி இலைகளைத் தேடிப் பார்த்தேன். தழைச்சத்துப் பற்றாக்குறை என்றால் அடி இலையில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் உள்ளே இறங்கும், கவட்டை மாதிரி இருக்கும். ஓரம் மட்டும் காய்ந்தால் சாம்பல்சத்து. குருத்துப் பக்கத்து இளம் இலையில் நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை விழுந்தால் துத்தநாகம். இந்த மூணையும் 'வெளுப்பு' என்ற ஒரே வார்த்தையில் சொல்லி, மூணுக்கும் யூரியாவையே போடுவது எங்கள் ஊர் வழக்கம். மாமா காட்டில் போன வருஷம் அப்படித்தான். துத்தநாகம் இல்லாமல் வெளுத்ததற்கு யூரியாவாகக் கொட்டினார்.

"மாப்ள, பயிரு ஜம்முனுதான் நிக்குது. ஆனா பூட்டை எடுக்கப் போற நேரம். இப்ப பட்டினி போட்டா கருது சிறுத்துரும்" என்றார் மாமா.

அவர் சொன்னதும் தப்பில்லை. முழங்கால் உயரத்துக்கு அப்புறம்தான் மக்காச்சோளம் வெறி பிடித்த மாதிரி சத்தை இழுக்கும். கதிரில் பட்டுநூல் வரும்போது தனக்கு வேண்டியதில் மூணில் ரெண்டு பங்கை எடுத்து முடித்திருக்கும். அதற்கப்புறம் போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. முடிவெடுக்க இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

பி. ராமமூர்த்தி என்று ஒரு விஞ்ஞானி. 1967-ல் அவரும் கூட இருந்தவர்களும் சோனோரா 64 கோதுமையை வைத்து ஒரு வழி சொன்னார்கள். எத்தனை மூட்டை உரம் என்று கேட்காதே, எத்தனை மூட்டை விளைச்சல் வேண்டும் என்று முதலில் சொல். அதற்குப் பயிர் எடுக்கும் சத்து எவ்வளவு, அதில் மண் கொடுப்பது எவ்வளவு, குப்பை கொடுப்பது எவ்வளவு, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் போடு என்றார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் அப்பா முன்னால் அதைச் சொன்னால், "அவரு எங்க காட்டுக்கு வந்தாரா?" என்று கேட்பார். அதனால் காட்டையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"அப்பா, ஏக்கருக்கு ஒரு மூட்டை போடலாம். பாதிக்குப் பாதி. ஆனா நடுவுல எட்டு பாருக்கு உங்க கணக்கு, ரெண்டு மூட்டை அளவு. பக்கத்துல எட்டு பாருக்கு என் கணக்கு, ஒண்ணுமே போடாம. பத்து நாள் பாப்போம். என் பாரு வெளுக்க ஆரம்பிச்சா அன்னிக்கே காடு முழுக்க இன்னொரு மூட்டை. ஈரம் பாத்து நானே போட்டுக் குடுக்குறேன்."

அப்பா ரொம்ப நேரம் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூட்டை கொட்டத்துல இருக்கணும். கடைக்குப் போயிட்டு இல்லைன்னு வரக்கூடாது."

"இருக்கும்."

ஆறு மூட்டையே வாங்கி வந்தேன். மூணு போட்டோம், மூணு கொட்டத்தில். கடைக்காரர் "அன்னிக்கு ஓடிப் போனீங்களே தம்பி" என்றார் :)

எட்டு பார், நீளம் 42 மீட்டர், கிட்டத்தட்ட அஞ்சு சென்ட். ரெண்டு மூட்டைக் கணக்குக்கு அந்த அஞ்சு சென்டுக்கு நாலரை கிலோ, ஒரு மூட்டைக் கணக்குக்கு ரெண்டே கால். தராசில் நிறுத்துப் போட்டேன். மூணு துண்டுக்கும் தலைப்பில் குச்சி நட்டுத் துணி கட்டினோம். அப்பா பாருக்குச் சிவப்பு, என் பாருக்கு வெள்ளை, நடுப்பாருக்கு அம்மாவின் பழைய பச்சைச் சேலைக் கிழிசல்.

அந்தப் பத்து நாளும் அப்பா காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் வெள்ளைத் துணிக்குப் போய்விடுவார். போன் வரும். "இன்னும் வெளுக்கல." மறுநாள், "அப்படியேதான் இருக்கு." ஏழாம் நாள், "அடியில ரெண்டு எலை லேசா..." எனக்கு வயிற்றைக் கலக்கியது. சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். உண்மைதான். மூணையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வெள்ளைத் துணிப் பார் ஒரு சாயல் வெளிர்தான். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இலை வண்ண அட்டை என்று நெல்லுக்கு ஒன்று உண்டு, இலையை அதில் வைத்துப் பச்சையை ஒப்பிட்டு யூரியா போடுவார்கள். எங்களுக்குப் பக்கத்துப் பாரே அட்டை.

"என்ன செய்யலாம்?" என்றார் அப்பா. முதல் தடவையாக என்னிடம் கேட்டார்.

"பச்சைத் துணி நல்லாத்தான இருக்கு. காடு முழுக்க அதானே. விடுவோம்ப்பா."

விட்டோம். அந்த மூணு மூட்டையும் கொட்டத்திலேயே இருந்தது. அதற்கப்புறம் அப்பா நல்லாத் தூங்கினாரா தெரியாது, நான் தூங்கவில்லை. ஏக்கருக்கு 200 கிலோ குறைந்தால் 13,000 ரூபாய்க்கு மேலே போச்சு. பணத்தைவிட, இந்த வீட்டில் அதற்கப்புறம் என் பேச்சு எடுபடாது.

*

தை பிறந்து அறுவடை. மூணு துண்டுக் கருதையும் தனித்தனியாக ஒடித்து, தனித்தனியாகக் காயவைத்து, தனித்தனியாக அடித்து, ஒரே தராசில் எடை போட்டோம். மாமாதான் சாட்சி.

சிவப்பு, ரெண்டு மூட்டைக் கணக்கு: 153 கிலோ.

பச்சை, ஒரு மூட்டைக் கணக்கு: 154 கிலோ.

வெள்ளை, ஒன்றும் போடாதது: 146 கிலோ.

மாமா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அப்பா கணக்கில் ஒரு மூட்டை தப்பு, என் கணக்கிலும் ஒரு மூட்டை தப்பு!

உட்கார்ந்து யோசித்தால் காரணமும் தெரிந்தது. 25-ஆம் நாள் மூணு மூட்டையை மொத்தமாகப் போட்ட ரெண்டாம் நாள் ராத்திரி முழுக்க மழை. அதில் ஒரு பங்கு அன்றைக்கே இறங்கிப் போயிருக்கும். நான் நோட்டில் 101 என்று எழுதி வைத்திருந்தேன், மண்ணில் 101 இல்லை. போட்டதைக் கணக்கு வைத்தேன், போனதைக் கணக்கு வைக்கவில்லை. அப்பாவோ போனதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார், இருப்பதை மறந்துவிட்டார்.

என் பேச்சைக் கேட்டுக் காடு முழுக்க விட்டிருந்தால் அஞ்சு சென்டுக்கு 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ நஷ்டம். 3,500 ரூபாய். மூணு ஏக்கருக்குப் பத்தாயிரத்துக்கு மேலே. நல்லவேளை, பாதியில் சமாதானம் ஆனோம். 153-க்கும் 154-க்கும் உள்ள ஒரு கிலோ தராசுப் பிசகு, அதை ஜெயிப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம், ஒரு காடு, ஒரு மழை. அடுத்த வருஷம் வேறு மாதிரி வரலாம். வேறொருத்தர் காட்டுக்கு இது செல்லாது.

மிச்சம் எவ்வளவு? மூணு மூட்டை, 800 ரூபாய். தூவுகிற கூலியையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். இதற்கா இவ்வளவு அலப்பறை என்று கேட்டால், காசுக்கு இல்லை என்றுதான் சொல்லணும். ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து, மூணு ஏக்கருக்கு 60 கிலோவுக்கு மேலே, சோளம் தொடாத சத்து. அது எங்கே போயிருக்கும் என்று பாட்டிலில் பிடித்துக் காட்டியாச்சே. அயோவாவில் டி மாய்ன் நகரத்துக்காரர்கள் ஆற்றுத் தண்ணீரில் நைட்ரேட்டை நீக்க 1990-களின் தொடக்கத்திலேயே தனியாக ஆலை கட்டினார்கள். மேலே இருக்கிற மாவட்டங்கள்மேல் 2015-ல் வழக்கே போட்டார்கள், 2017-ல் அது தள்ளுபடியானது. நமக்கு அந்த வசதியும் இல்லை, எதிராளியும் இல்லை. கிணறும் நம்முடையது, யூரியா போட்ட கையும் நம்முடையது.

*

2025 புரட்டாசியில் மறுபடி சோளம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவே 25-ஆம் நாள் மூணு மூட்டையை ரெண்டாகப் பிரித்து, வானம் பார்த்து, ஒரு வார இடைவெளியில் போட்டார். 45-ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு மூட்டை. கிழக்கோரம் எட்டு பாருக்கு மட்டும் ரெண்டு மூட்டைக் கணக்கு, சிவப்புத் துணி.

"இன்னும் எதுக்குப்பா அது?" என்றேன்.

"இருக்கட்டும்டா. பாத்துக்கிட்டே இருக்கணும்ல. அதவிட மத்தது வெளுத்தா அன்னிக்குத் தெரியும்."

பயம் போகவில்லை. ஆனால் மூணு ஏக்கருக்கு இருந்த பயம் இப்போது அஞ்சு சென்டுக்குள் அடங்கிவிட்டது. இருக்கட்டும், விவசாயிக்கு அஞ்சு சென்ட் பயம் வேண்டியதுதான்.

மாட்டுக் கொட்டத்துக் குப்பைமேட்டைக் கிணற்றிலிருந்து தள்ளி மாற்றிவிட்டோம். தண்ணீரை மறுபடி டெஸ்டுக்குக் கொடுத்தேன். 76 வந்தது. பத்து இருபது வருஷமாக இறங்கினது ஒரே வருஷத்தில் ஏறிவிடுமா என்ன?

பொங்கலுக்குத் தங்கச்சி வந்திருந்தாள். பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான். மோட்டார் ஓடும்போது தொட்டியில் விழுகிற தண்ணீரைப் பார்த்தால் கையைத் தட்டிக்கொண்டு ஓடுகிறான். அம்மா பின்னாலேயே ஓடுகிறாள், ஒரு கையில் கேன் தண்ணீர் பிடித்த டம்ளரோடு.